வெளிநாட்டுக் காசு: சபைக் கணக்கிலா, நேரே தாயின் கையிலா?

குருநகர்ப் பெடியன்:

எல்லோருக்கும் வணக்கம். எங்கள் சபையில் கொஞ்சக் காலமாக ஓடுகிற ஒரு பிரச்சினை. உள்ளுக்குள்ளேயே கதைத்துக் கதைத்து எல்லோருக்கும் அலுத்துவிட்டது, அதனால்தான் வெளியில் கேட்கிறேன். கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

யாழ்ப்பாணத்தில் லூதரன் (மார்ட்டின் லூதர் வழிவந்த புரட்டஸ்தாந்து சபை) என்றால் முக்கால்வாசிச் சனத்துக்கு என்னவென்றே தெரியாது. அமெரிக்கன் மிசன் தெரியும், மெதடிஸ்ட் தெரியும், அங்கிலிக்கன் தெரியும், கத்தோலிக்கம் சொல்லவே வேண்டாம். எங்களைக் கேட்டால் "அது பெந்தெகொஸ்தே மாதிரியா தம்பி?" என்பார்கள். சின்னச் சபை. சொந்தக் கோயில் கட்டடம் இல்லை, ஒரு வீட்டின் முன்விறாந்தையும் அதோடு சேர்த்து இறக்கின தகரக் கொட்டகையும்தான். பாதிக் குடும்பங்கள் கடல் தொழில், மற்றவர்கள் மேசன் வேலை, தையல், ஓரிரண்டு அரசாங்க உத்தியோகம்.

இப்ப விசயம். நோர்வேயில் ஒரு லூதரன் சபைக்குப் போகிற எங்கள் ஊர் அக்கா ஒருவர் மூலம் அந்தச் சபை எங்களுக்கு மாதாமாதம் உதவி அனுப்ப முன்வந்திருக்கிறது. சந்தோசம்தான். ஆனால் அவர்கள் கேட்கிற முறை இப்படி: ஒரு பிள்ளைக்கு அங்கே ஒரு குடும்பம் பொறுப்பு, காசு நேரே தாயின் வங்கிக் கணக்குக்கு, இடைக்கிடை பிள்ளையின் படமும் ஒரு கடிதமும். சபைக் குழுவில் பாதிப் பேர் "நல்லது, நேரே போகட்டும், எங்களுக்குத் தலையிடி இல்லை" என்கிறார்கள். மற்றப் பாதி "பன்னிரண்டு பிள்ளைக்குக் கிடைத்து மற்றப் பிள்ளைகளுக்குக் கிடைக்காவிட்டால் ஞாயிற்றுக்கிழமை ஒரே பாயில் எப்படி இருப்பது, பொதுக் கணக்கில் போட்டுப் பிரிப்போம்" என்கிறார்கள். போன கூட்டத்தில் கதை முற்றி, ஒரு ஐயா கதிரையைத் தள்ளிவிட்டு எழும்பிப் போய்விட்டார். நீங்கள் உங்கள் சபைகளில், கோயில்களில் எப்படிச் செய்கிறீர்கள்?

நெல்லியடி ரீச்சர்:

தம்பி, படம் என்ற சொல்லைக் கண்டவுடனேயே எனக்குக் கோபம் வந்துவிட்டது, அதனால் அதைப் பற்றி மட்டும் முதலில் சொல்கிறேன்.

முப்பது வருசத்துக்கு மேல் படிப்பித்தவள் நான். பாடசாலைக்கு உபகரணம் தருகிறோம் என்று வருபவர்கள் எத்தனை பேரைக் கண்டிருப்பேன். ஒரு கொப்பிக் கட்டை ஐந்து பெரிய மனிதர்கள் சேர்ந்து பிடித்துக்கொண்டு நிற்பார்கள், பின்னால் பதாகை, நடுவில் பிள்ளை கமராவைப் பார்க்காமல் தன் சப்பாத்தைப் பார்த்துக்கொண்டு நிற்கும். அன்று பின்னேரமே அது முகநூலில் வந்துவிடும். அடுத்த நாள் வகுப்பில் மற்றப் பிள்ளைகள் அந்தப் பையைக் காட்டி ஒரு பெயர் வைப்பார்கள். அந்தப் பெயர் உயர்தரம் முடிக்கும் வரைக்கும் போகாது. ஒரு பெண்பிள்ளை புதுப் பையை வீட்டில் வைத்துவிட்டுப் பழைய சீலைப் பையோடு வந்தது. ஏன் என்று கேட்டதற்கு "சிப் பழுது ரீச்சர்" என்றது. சிப் பழுதில்லை.

கொடுக்கிறவர்கள் கெட்டவர்கள் இல்லை. ஆனால் வாங்குகிற பிள்ளை பதினைந்து வயதில் தன் படத்தை எங்கேயோ ஒரு சுவரில் பார்க்க நேர்ந்தால் என்ன நினைக்கும் என்று ஒருவரும் யோசிப்பதில்லை. படம் வேண்டாம் என்று முதலிலேயே எழுதிவிடுங்கள். மிச்சத்தைப் பிறகு பார்க்கலாம்.

பனிநாட்டு அக்கா:

ரீச்சர் சொல்வதில் பிழையில்லை, ஆனால் இங்கத்தைய ஆட்களின் பக்கத்தையும் ஒருக்காச் சொல்லவேண்டும். அந்தச் சபை எங்கள் சபை இல்லை, என்றாலும் நோர்வேயில் எல்லா இடமும் கிட்டத்தட்ட ஒன்றுதான்.

இங்கே ஆராதனை முடிந்தவுடன் ஒருவரும் வீட்டுக்கு ஓடுவதில்லை. பக்கத்து மண்டபத்தில் கோப்பியும் வாபிளும் இருக்கும். யார் மாவைக் கரைப்பது, யார் கோப்பை கழுவுவது என்று முறை வைத்துப் பெயர் போட்டிருப்பார்கள். வைத்தியரும் பஸ் ஓட்டுநரும் பக்கத்தில் பக்கத்தில் நின்று கோப்பை துடைப்பதை இங்கே வந்த புதிதில் பார்த்து நான் அதிசயப்பட்டிருக்கிறேன். லெந்து காலத்தில் ஒரு நாள், திடப்படுத்தலுக்கு (சபையில் முழு அங்கத்தவராகிற சடங்கு) படிக்கிற பதினாலு பதினைந்து வயதுப் பிள்ளைகள் நோர்வீஜியச் சர்ச் எயிட் என்கிற திருச்சபை உதவி நிறுவனத்தின் உண்டியலைத் தூக்கிக்கொண்டு வீடு வீடாகப் போவார்கள். என் மகனும் போனான். குளிருக்குள் கதவைத் தட்டி "உலகத்தில் தண்ணீர் இல்லாத ஆட்களுக்கு" என்று கேட்கவேண்டும். அவன் போன ஒரு வீட்டில் எங்கள் ஆள் ஒருவர் கதவைத் திறந்து, தமிழில் "ஆர் தம்பி நீ, எந்த ஊர்?" என்று அரை மணித்தியாலம் விசாரித்துவிட்டுக் கடைசியில் காசு போட மறந்துபோனாராம்.

சொல்ல வந்தது என்னவென்றால், இவர்கள் பெருமைக்குப் படம் கேட்பதில்லை. உண்டியலில் போட்டால் அது எங்கேயோ போய்ச் சேருகிறது, அதில் ஒரு முகம் தெரிவதில்லை. எங்கள் மூலம் கொடுத்தால் ஒரு ஆளைத் தெரிந்துகொள்ளலாம் என்று நினைக்கிறார்கள். அது ஒரு விதமான ஐக்கியம்தான். அதை எப்படி அவர்களுக்குக் கொடுப்பது என்று யோசியுங்கள், "முடியாது" என்று மட்டும் எழுதி அனுப்பாதீர்கள்.

கேள்விக்குறி:

நான் சபை ஆள் இல்லை, ஆனால் இந்த மாதிரிக் குழுக்களைக் கண்டவன். நேரே தாயின் கணக்குக்கு அனுப்பட்டும். அதுதான் சரி.

ஏன் என்று கேட்டால், குழுவிடம் காசு போனால் முதலில் குழுவுக்கு ஒரு மேசை வரும், பிறகு மேசைக்கு ஒரு அலுமாரி, பிறகு அலுமாரியை வைக்க ஒரு அறை. அதற்கு மேல், தாய் மனிசி ஒவ்வொரு மாதமும் பொருளாளர் வீட்டுப் படலையில் போய் நிற்கவேண்டும். அவர் சாப்பிட்டுவிட்டு வரும் வரைக்கும் காத்திருக்கவேண்டும். தன் பிள்ளைக்கு ரியூசன் காசா சப்பாத்தா முக்கியம் என்று அந்தத் தாய்க்குத் தெரியாதா? "சனத்துக்குக் காசைக் கையாளத் தெரியாது, நாங்கள் பிரித்துக் கொடுக்கிறோம்" என்கிற கதையை நிவாரணம் கொடுத்த காலத்தில் இருந்து கேட்கிறேன். படத்தை வேண்டாம் என்று சொல்லுங்கள், சரி. காசை மறிக்காதீர்கள்.

கணக்கப்பிள்ளை:

வங்கியில் வேலை செய்து ஓய்வு பெற்றவன். இரண்டு பக்கமும் ஆளுக்கொரு உண்மையைச் சொல்கிறார்கள். நான் நடைமுறையைச் சொல்கிறேன்.

நேரே கணக்குக்கு அனுப்புவதில் ஒரு சிக்கலை ஒருவரும் சொல்லவில்லை. வெளிநாட்டில் இருக்கிறவர் தன் நாட்டுக் காசில் ஒரு தொகையை முடிவு செய்வார். 2022 மார்ச்சில் ரூபாயை மிதக்க விட்டார்களே, டொலர் இருநூறு சொச்சத்தில் இருந்து இரண்டு மாதத்தில் முந்நூற்றைம்பதைத் தாண்டியது. வெளியிலிருந்து காசு வந்த வீடு அரிசி விலை ஏறியதையும் தாங்கியது. பக்கத்து வீடு, அதே சபை, அதே தொழில், மண்ணெண்ணெய் வரிசையில் நின்றது. அந்த நேரத்தில் ஒரே சங்கத்துக்குள் இருந்த சினேகிதங்கள் முறிந்ததைக் கண்டிருக்கிறேன்.

குழுவிடம் காசு போவதென்றால் இப்படிச் செய்யுங்கள். சபையின் பெயரில் தனிக் கணக்கு, போதகரின் சொந்தக் கணக்கு கூடவே கூடாது, அவர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும். மூன்று பேருக்குக் கையெழுத்து அதிகாரம், அதில் எந்த இரண்டு பேரும் சேர்ந்தால்தான் எடுக்கலாம். அந்த மூவரும் மூன்று வேறு குடும்பம், ஒருவராவது பெண். காணிக்கைப் பையை ஆராதனை முடிந்த கையோடு, தேத்தண்ணீருக்கு முன்னம், இரண்டு பேர் எண்ணி எழுதி ஒப்பம் வைக்கவேண்டும். "பிறகு வீட்டில் எண்ணுவோம்" என்பதில்தான் எல்லாக் கதையும் தொடங்குகிறது. வங்கிக் கூற்றை மாதம் ஒருக்கா அறிவித்தல் பலகையில் ஒட்டுங்கள். யார் வாங்கினார் என்ற பெயர் வேண்டாம், எதற்கு எவ்வளவு என்று மட்டும் போட்டால் போதும்.

வேதாகமத்தில் பவுலும் இதைத்தான் செய்தார். எருசலேமுக்கு அனுப்பக் காசு சேர்த்தபோது தான் மட்டும் தூக்கிக்கொண்டு போகவில்லை. சபைகள் தெரிந்தெடுத்த ஆளையும் கூட அனுப்பினார், ஒருவரும் குறை சொல்லக்கூடாது என்று. இரண்டாம் கொரிந்தியர் எட்டாம் அதிகாரம். பிரசங்கத்தில் ஒன்பதாம் அதிகாரத்தை, உற்சாகமாய்க் கொடுக்கிறதை, எல்லோரும் வாசிப்பார்கள். எட்டை ஒருவரும் தொடமாட்டார்கள்.

ஷ்டுட்கார்ட் மாமா:

கணக்கப்பிள்ளை அண்ணை சொன்னது லூதர் காலத்துக் கதை ஒன்றோடு அப்படியே பொருந்துகிறது, அதனால் எழுதுகிறேன்.

இங்கே ஜேர்மனியில் சபை அங்கத்தவர் என்றால் வருமான வரியோடு சேர்த்துத் திருச்சபை வரியும் பிடித்துவிடுவார்கள். எங்கள் மாநிலத்திலும் பவேரியாவிலும் வருமான வரியில் 8 வீதம், மற்ற மாநிலங்களில் 9. அதனால் சனம் காணிக்கைப் பையில் சில்லறை போட்டாலும் சபை ஓடுகிறது. ஆனால் "நான்தான் ஏற்கெனவே வரி கட்டிவிட்டேனே" என்று சிரமதானத்துக்கு வராமல் இருக்கிறவர்களும் இருக்கிறார்கள். அதை விடுங்கள்.

1523இல் சாக்சனியில் லைஸ்னிக் என்ற சின்ன ஊர்ச் சபை ஒரு பொதுப் பெட்டி வைத்தது. லூதர் அந்த ஒழுங்குவிதிக்கு முன்னுரை எழுதி அச்சில் கொடுத்தார். பெட்டிக்கு நான்கு பூட்டு, நான்கும் வேறு வேறு. ஒரு திறப்பு பிரபுக்களிடம், ஒன்று நகரசபையிடம், ஒன்று ஊர்க் குடிகளிடம், மற்றது சுற்றுக் கிராமத்து விவசாயிகளிடம். நாலு பேரும் வராமல் திறக்க முடியாது. பத்துப் பேரை நிருவாகத்துக்குத் தெரிந்தெடுத்தார்கள், அவர்கள் ஞாயிறுதோறும் கூடினார்கள். அதற்கு மேல் ஆண்டில் மூன்று தரம் முழு ஊரும் கூடிக் கணக்குக் கேட்கும். போதகர் சம்பளம், பள்ளிக்கூடம், அநாதைகள், வயதாளிகள், பஞ்சத்துக்கு வாங்கி வைக்கிற தானியம் எல்லாம் அந்தப் பெட்டியிலிருந்துதான்.

கேள்விக்குறி சந்தோசப்படட்டும், அதுவும் ஒழுங்காக ஓடவில்லை. பழைய ஆலயச் சொத்துகளை நகரசபை பெட்டிக்குத் தர மறுத்துவிட்டது. லூதர் இளவரசருக்குக் கடிதம் எழுதியும் பெரிதாக ஒன்றும் நடக்கவில்லை.

படத்தைப் பற்றியும் ஒரு சொல். 1517இல் லூதர் எழுதிய 95 வாக்கியங்களில் 43ஆவது, ஏழைக்குக் கொடுப்பதும் தேவைப்பட்டவனுக்குக் கடன் கொடுப்பதும் பாவமன்னிப்புச் சீட்டு வாங்குவதை விட மேல் என்று. 45ஆவது இன்னும் சூடு, ஏழையைக் கண்டும் காணாமல் போய்ச் சீட்டு வாங்குகிறவன் கடவுளின் கோபத்தை வாங்குகிறான் என்று. கொடுத்ததற்குச் சாட்சியாக ஒரு பிள்ளையின் முகத்தை வாங்கி வைத்துக்கொள்வது எங்கள் காலத்துச் சீட்டு. இரட்சிப்பு கிருபையால் என்று நம்புகிறவர்களுக்கு ரசீது எதற்கு?

பனிநாட்டு அக்கா:

மாமா, அது கொஞ்சம் கூடிப்போச்சு. அவர்கள் படம் கேட்டது பிள்ளை உயரமாகி இருக்கிறதா என்று பார்க்க.

ஷ்டுட்கார்ட் மாமா:

சரி, அந்தக் குடும்பங்களைச் சொல்லவில்லை அக்கா. பதாகைக்காரரைச் சொன்னேன்.

கரையோரக் கிழவன்:

நோர்வே என்றவுடன் குருநகர்ப் பிள்ளைகளுக்குச் சீநோர் ஞாபகம் வரவில்லையா? 1956இல் நோர்வேக்குப் போன குருநகர் மனிதர் அந்தோணி இராஜேந்திரம் அங்கத்தைய சனத்திடம் கேட்டுக் காசு சேர்த்துத் தொடங்கியது, 1967இல். குருநகரில் வலைத் தொழிற்சாலை, காரைநகரில் படகு கட்டுகிற இடம். எங்கள் வீட்டுப் பெண்கள் எத்தனை பேர் அங்கே வேலை செய்தார்கள். அவர்களை ஒருவரும் "உதவி பெறுகிறவர்கள்" என்று சொன்னதில்லை. சம்பளக்காரர்.

லூதரனா கத்தோலிக்கமா என்று அப்போது ஒருவரும் பார்க்கவில்லை. காசு வந்தது, வேலையாக மாறியது. பிறகு அது அரசாங்கத்திடம் போய், சண்டைக்குள் அகப்பட்டு, அது வேறு கதை. நான் சொல்வது, பிள்ளைக்கு மாதம் ஒரு தொகை என்பதை விட, தாய்மார் இருந்து வலை பொத்துகிறதுக்கு ஒரு நல்ல கொட்டகையும் நூலும் வாங்க அதே காசைக் கேட்டுப் பாருங்கள்.

அமெரிக்கன் மிசன் பேரன்:

எங்கள் சபைப் பாட்டிமார் பிடி அரிசி போட்ட ஆட்கள். சோற்றுக்கு அரிசி கழுவ முன்னம் ஒரு பிடியை எடுத்து ஒரு முட்டிக்குள் போடுவது. கிழமை முடிய அது சபைக்கு. கையில் ஒரு சதம் இல்லாத பெண்ணும் கொடுக்கலாம், எவ்வளவு என்று புருசனைக் கேட்கவும் தேவையில்லை. என் அம்மம்மாவின் முட்டிக்கு வெள்ளைத் துணி கட்டி வாய் மூடியிருக்கும். நான் சின்னனில் அதற்குள் கையை விட்டதற்கு வாங்கின அடி, அப்படி ஒரு அடி வேறு எதற்கும் வாங்கவில்லை.

அதனால் குருநகர்த் தம்பி, நோர்வேக் காசைப் பற்றிச் சண்டை பிடிக்க முதல் உங்கள் சபை தானே என்ன கொடுக்கிறது என்று கேட்டுப் பாருங்கள். 1816இல் இருந்து நாங்களும் வெளிக் காசில் வாழ்ந்தவர்கள்தான், அதன் பழக்கம் லேசில் போகாது. (லூதரன்காரர் இப்ப "நாங்கள் 1706" என்று தொடங்குவார்கள், தெரியும்.)

தரங்கம்பாடிச் செல்வி:

தொடங்கத்தான் போகிறேன்! ஆமாம், 1706 ஜூலை 9, லூதரன் மிசனரிமாரான சீகன்பால்க் ஐயரும் புளூட்சாவ் ஐயரும் எங்கள் ஊர்க் கரையில் இறங்கிய நாள். அடுத்த வருசமே இங்கே பிள்ளைகளுக்குத் தமிழில் பள்ளிக்கூடம், பெண் பிள்ளைகளுக்கும் சேர்த்து. அதற்கு ஆதரவாக இருந்த ஜெர்மனியின் ஹாலே நகரத்து வேலை எப்படித் தொடங்கியது தெரியுமா? 1695இல் பிராங்கே என்ற போதகர் தன் வீட்டில் ஒரு உண்டியல் வைத்தார். அதில் ஒருநாள் யாரோ 4 தாலரும் 16 குரோசனும் போட்டிருந்தார்கள். அந்தக் காசில் ஏழைப் பிள்ளைகளுக்குப் புத்தகம் வாங்கி ஆரம்பித்தவர்தான், பிறகு பெரிய அநாதை இல்லமே கட்டினார். போட்டவர் தன் படத்தை மாட்டச் சொல்லவில்லை.

எங்கள் பக்கத்தில் பிறகு வந்த மிசனரி சுவார்ச் ஐயர் பெயர் இன்னும் பெரியது. உங்கள் ஊருக்கும் வந்தவர், 1760இல் இலங்கைக்குப் பயணம் செய்திருக்கிறார். ஐதர் அலி யுத்தப் பஞ்சத்தில் தஞ்சாவூர்க் கோட்டைக்குள் நெல் இல்லை. வெளியே குடியானவர்களிடம் இருந்தது, ஆனால் அரசனையும் நம்பவில்லை, கும்பெனியையும் நம்பவில்லை. காசு தரமாட்டார்கள் என்று தெரியும். சுவார்ச் ஐயர் "நான் பொறுப்பு" என்றதும் மாடும் நெல்லும் வந்தது. வந்தவர்களுக்குச் சொன்ன காசைத் தன் கையாலேயே கொடுத்து அனுப்பினார். உங்கள் குழுவில் அப்படி ஒரு ஆள் இருந்தால் மற்றப் பிரச்சினை எல்லாம் சின்னது.

இப்போது காங்கேசன்துறைக்கு நாகப்பட்டினத்திலிருந்து கப்பல் ஓடுகிறதே, ஒரு முறை வாருங்கள். 1718இல் கட்டிய புதிய எருசலேம் ஆலயம் இன்னும் கடலைப் பார்த்து நிற்கிறது.

கணக்கப்பிள்ளை:

செல்வி அக்கா, கதை அருமை. ஆனால் சுவார்ச் ஐயர் இருந்தாலும் இரண்டு கையெழுத்து வேண்டும்.

சன்னதியான்:

நான் சைவம். பக்கத்து வீட்டார் உங்கள் சபை மாதிரி ஒன்றுதான், அதனால் வாசித்துக்கொண்டு வந்தேன்.

எங்கள் பக்கத்திலும் இதே கதைதான். மடப்பள்ளித் தகடு, கிணற்றுக் கட்டு, மின்விசிறியின் இறக்கை வரைக்கும் "இன்னார் உபயம், கனடா" என்று எழுதியிருக்கும். காற்று வாங்கும்போது பெயரை வாசிக்க முடியாமல் சுற்றும். ஆனால் தொண்டைமானாற்றில் செல்வச்சந்நிதிக்குப் போய்ப் பாருங்கள். அன்னதானக் கந்தன் என்றே பெயர். மடத்தில் பந்தியில் குந்தினால் சோற்றைப் போடுகிறவன் யார், அரிசி வாங்கிக் கொடுத்தவன் யார் என்று தெரியாது. சாப்பிடுகிறவன் கோடீஸ்வரனா பிச்சைக்காரனா என்றும் பார்ப்பதில்லை. எல்லோரும் ஒரே வரிசையில் இருப்பதால் வாங்குகிறவனுக்கு வெட்கம் இல்லை.

அதோடு எங்கள் ஒழுங்கையில் செத்தவீடு என்றால் பந்தலுக்குத் தடி இழுப்பது, கதிரை எடுப்பது, இரவுக்குத் தேத்தண்ணீர் போடுவது எல்லாம் சைவம் வேதம் பார்த்து நடப்பதில்லை. போன வருசம் என் தகப்பன் செத்தபோது முதலில் கேத்திலோடு வந்தது பக்கத்து வீட்டு வேதக்கார அம்மாதான். சீனி போடாமல் இஞ்சி போட்டு. அந்த உதவிக்குக் குழுவும் இல்லை, கணக்கும் இல்லை.

குருநகர்ப் பெடியன்:

எல்லோருக்கும் நன்றி. இதை வாசித்துக்கொண்டிருக்கும்போதே ஒரு அம்மா வேறு ஒரு விசயத்தைச் சொன்னார், அதையும் கேட்கவேண்டும். அவருக்குப் பிள்ளைக் காசு வந்தாலும் நிற்காது, ஏனென்றால் கிழமைக்கிழமை கடன்காரன் வாசலில் நிற்கிறான். நுண்கடன் இரண்டு கொம்பனியில், ஒன்றைக் கட்ட மற்றதில் எடுத்தது. சபையில் இப்படி இன்னும் எத்தனை பேரோ தெரியாது, வெட்கத்தில் சொல்லமாட்டார்கள். இதற்குச் சபை ஏதும் செய்யலாமா? இல்லை, கடன் விசயத்தில் சபை தலையிட்டால் பகைதானா?

நெல்லியடி ரீச்சர்:

இதுதான் தம்பி உண்மையான பிரச்சினை. பிள்ளைக்குப் பை இல்லாதது பிறகு வந்தது.

வடக்கில் இந்தக் கடனில் அகப்பட்ட பெண்கள் கொஞ்ச நஞ்சமில்லை. 2018இல் அரசாங்கமே வறட்சி மாவட்டங்களில் ஒரு இலட்சத்துக்கு உட்பட்ட கடன்களை இரத்துச் செய்யும் அளவுக்கு வந்தது. கிழமை அறவிட வருகிறவன் குழுவில் உள்ள மற்றப் பெண்களை வைத்தே நெருக்குவான். ஒருத்தி கட்டாவிட்டால் எல்லோரும் அவள் வீட்டு முற்றத்தில் இருக்கவேண்டும். சினேகிதத்தையே அடகு வாங்குகிற முறை அது. அந்த ஐந்து பெண்களில் மூன்று பேர் ஞாயிற்றுக்கிழமை ஒரே சபையில் என்றால் திருவிருந்துக்கு எப்படி ஒன்றாக முழங்காலில் நிற்பார்கள்?

வட்டியில்லாக் கைமாற்று ஒன்றைச் சபையில் வைக்கலாம். சின்னத் தொகை. யார் எடுத்தது என்று இரண்டு பேருக்கு மட்டும் தெரிந்தால் போதும்.

ஷ்டுட்கார்ட் மாமா:

ரீச்சர், லைஸ்னிக் ஒழுங்கில் அதுவும் இருக்கிறது. தொழில் நடத்த முடியாமல் போன கைவினைஞருக்குப் பெட்டியிலிருந்து முன்பணம் கொடுப்பார்கள், குறித்த காலத்தில் திருப்பித் தரவேண்டும், உண்மையாகவே முடியாவிட்டால் விட்டுவிடுவார்கள்.

கேள்விக்குறி:

விட்டுவிடுவோம் என்று முதலே எழுதி வைத்தால் ஒருவரும் கட்டமாட்டார்கள். யாழ்ப்பாணத்தில் சீட்டுப் பிடித்து ஓடினவர்கள் பட்டியலைக் கேட்டால் தருகிறேன்.

கணக்கப்பிள்ளை:

ஓடினவர்கள் பெரும்பாலும் சீட்டு நடத்தினவர்கள், எடுத்தவர்கள் இல்லை. என் அனுபவத்தில் ஐயாயிரம் பத்தாயிரம் வாங்கின பெண்கள் கோழி விற்றாவது கட்டினார்கள். கட்டாமல் இழுத்தடித்தவர்கள் கையில் காறோடு வந்தவர்கள்.

ஆனால் ஒன்று. கைமாற்றுக் காசும் தருமக் காசும் ஒரே கணக்கில் கலக்கக்கூடாது. வெளிநாட்டுக் காசைக் கடனாகக் கொடுப்பதென்றால் அனுப்புகிறவர்களிடம் முதலே எழுதிக் கேட்டு, எழுத்தில் சம்மதம் வாங்குங்கள்.

அமெரிக்கன் மிசன் பேரன்:

கைமாற்றுக்கு முதற்காசு எங்கிருந்து வரும்? அறுப்பின் பண்டிகை ஏலம்தான். உங்கள் சபையில் ஏலம் உண்டா?

குருநகர்ப் பெடியன்:

உண்டு, ஆனால் அதிலும் சண்டை. போன தரம் ஒரு பூசணிக்காயை விடுமுறைக்கு வந்த ஒரு லண்டன் மனிதர் பன்னிரண்டாயிரத்துக்கு எடுத்தார், எல்லோரும் கை தட்டினோம். அடுத்ததாக ஒரு அம்மா கொண்டுவந்த ஒரு சரை கருவாடு. நல்ல சீலாக் கருவாடு, தானே உப்புப் போட்டுக் காய வைத்தது. இருநூறில் தொடங்கி இருநூற்றைம்பதில் நின்றுவிட்டது. ஏலம் சொன்னவர் எவ்வளவோ பகிடி விட்டுப் பார்த்தார், ஏறவில்லை. அந்த அம்மா சிரித்துக்கொண்டுதான் இருந்தா. இளம் ஆட்கள் சிலர் அன்றிலிருந்து ஏலமே வேண்டாம் என்கிறார்கள்.

நெல்லியடி ரீச்சர்:

ஏலத்தை நிற்பாட்டாதீர்கள், அது ஒன்றுதான் கிழவர்களும் பிள்ளைகளும் சேர்ந்து சத்தம் போட்டுச் சிரிக்கிற நாள். பொருளைக் கொண்டுவந்தவரின் பெயரைச் சொல்லாமல் விடுங்கள். அதற்கு மேல், வெளிநாட்டில் இருந்து வந்தவர்கள் ஒரு பொருளுக்கு மேல் கேட்கக்கூடாது என்று ஒரு விதி வையுங்கள். எங்கள் பக்கத்து ஊர்ச் சபையில் முட்டைகளை ஒவ்வொன்றாகப் பிள்ளைகளுக்கு மட்டும் ஏலம் விடுவார்கள், ஐந்து ரூபாயில் தொடங்கி. அதற்கு நடக்கிற போட்டியைப் பார்க்கவேண்டும்.

பனிநாட்டு அக்கா:

சனிக்கிழமை அந்தச் சபையில் உள்ள எங்கள் ஊர் அக்காவோடு கதைத்தேன். படம் இல்லாவிட்டால் பரவாயில்லையாம். ஆனால் ஏதாவது ஒன்று வரவேண்டும் என்று கேட்டார்கள். பிள்ளைகள் கீறின சித்திரமோ, சபை முழுவதுமாகப் பாடின ஒரு பாட்டை ஒலிப்பதிவு செய்தோ அனுப்பலாமா என்று கேட்டேன். பாட்டு என்றவுடன் சரி என்றுவிட்டார்களாம், தங்கள் கோப்பி நேரத்தில் போட்டுக் கேட்பார்களாம். பதிலுக்கு அவர்களும் பாடி அனுப்புவார்களாம். பாடுகிறவர்கள் எல்லாம் எழுபது வயது தாண்டினவர்கள், முதலே சொல்லிவிட்டேன்.

குருநகர்ப் பெடியன்:

நேற்றுப் பின்னேரம் கூட்டம் நடந்தது. எழும்பிப் போன ஐயாவும் வந்தார், அவரிடம் போய்க் கூப்பிட்டது போதகர் இல்லை, அவரோடு கடலுக்குப் போகிற ஆள்.

முடிவாகினது இவ்வளவு. காசு சபைப் பெயரில் தனிக் கணக்கு, மூன்று பேர் கையெழுத்து, அதில் இரண்டு பெண்கள். பாதித் தொகை ரியூசன் காசாக, சபையில் உள்ள எல்லாப் பள்ளிப் பிள்ளைகளுக்கும், நோர்வேக் குடும்பம் யாருக்கென்று பிரிக்காமல். தாய்மார் படலையில் வந்து நிற்கக்கூடாது என்ற கேள்விக்குறி அண்ணையின் கதையை அப்படியே வாசித்துக் காட்டினேன், அதனால் அவரவர் வங்கிக் கணக்குக்கே குழு மாற்றிவிடும். மற்றப் பாதி என்ன செய்வது என்று முடிவில்லை. வலைக் கொட்டகை என்று கடற்கரைப் பக்கத்து ஆட்கள், கைமாற்று என்று தையல்காரப் பெண்கள். அடுத்த மாதம் திரும்பக் கதைப்போம். படம் இல்லை. பிடி அரிசி தொடங்கலாம் என்று ஒரு அம்மா சொல்ல, "இப்ப றைஸ் குக்கர், எப்ப அரிசி கழுவுகிறோம் என்றே மறந்துபோகும்" என்று மற்ற அம்மா சொல்ல, அது சிரிப்போடு நின்றுவிட்டது.

கொட்டகைத் தகரம் இரண்டு இடத்தில் ஒழுகுகிறது. மழைக்கு முன்னம் மாற்ற அடுத்த சனி சிரமதானம். பக்கத்தில் இருக்கிறவர்கள் வரலாம், எந்தச் சபை என்றாலும், சன்னதியான் அண்ணை நீங்களும்தான். ஏணி எங்களிடம் ஒன்றுதான் இருக்கிறது, இன்னொன்று யாரிடமாவது இருந்தால் கொண்டு வாருங்கள். வேலை முடிய ஒடியற்கூழ், நண்டு கிடைத்தால் நண்டு, இல்லாவிட்டால் திருக்கை. பலா இலை பிடுங்க ஆள் வேண்டும்.

சன்னதியான்:

ஏணி இருக்கிறது. ஆனால் சனிக்கிழமை நான் மச்சம் சாப்பிடுவதில்லை, எனக்கு ஒரு கோப்பை கூழை மீன் போட முதல் எடுத்து வையுங்கள்.